சந்தத்துக்கு ஐந்து முகம் வந்த கதை

பூஜைச் சாமான் கடையில் வரிசையாகத் தொங்கும் சாமி படங்களில் காயத்ரியை அடையாளம் காண்பது சுலபம். செந்தாமரை மேல் உட்கார்ந்திருப்பாள். ஐந்து முகம், பத்துக் கை, பக்கத்தில் ஓர் அன்னம். படத்துக்கு அடியில் பெரும்பாலும் காயத்ரி மந்திரத்தையும் அச்சிட்டிருப்பார்கள். அந்த மந்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தால் ஓர் இடத்தில் இடிக்கும். மேலே படத்தில் இருக்கும் அம்மன் கீழே மந்திரத்தில் இல்லை.

'தத் ஸவிதுர் வரேண்யம், பர்கோ தேவஸ்ய தீமஹி, தியோ யோ ந: ப்ரசோதயாத்' என்பது ரிக்வேதத்தின் 3ஆம் மண்டலத்தில் 62ஆம் சூக்தத்தின் 10ஆம் மந்திரம். விசுவாமித்திரர் கண்டது என்பது மரபு. ஸவிதா என்ற தேவனின் மேலான ஒளியைத் தியானிக்கிறோம், அவன் எங்கள் அறிவைத் தூண்டுவானாக என்பது பொருள். ஸவிதா சூரியனின் ஒரு வடிவம், ஆண் தெய்வம். உலகத்தைக் காலையில் எழுப்பி வேலைக்கு அனுப்புகிறவன், மாலையில் அடங்கச் செய்கிறவன். வேதம் அவனைப் பொற்கையன் என்று பாடுகிறது. முன்னால் சேர்த்துச் சொல்லும் 'ஓம் பூர்புவஸ்ஸுவ:' ரிக்வேத மந்திரத்தில் கிடையாது. சடங்கில் சேர்ந்துகொண்ட பகுதி அது.

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர் யாரும் வேண்டாம். பூணூல் போட்டவர்கள் மூன்று வேளையும் செய்யும் வழிபாடு சந்தியாவந்தனம். அதைச் செய்கிறவர்கள் ஜபத்துக்கு முன்னால் தாங்களே தினமும் இதை அறிவிக்கிறார்கள். தலையைத் தொட்டு 'விச்வாமித்ர ரிஷி:', மூக்கு நுனியைத் தொட்டு 'நிச்ருத் காயத்ரீ சந்த:', மார்பைத் தொட்டு 'ஸவிதா தேவதா'. ரிஷி விசுவாமித்திரர், தெய்வம் ஸவிதா, காயத்ரி என்பது சந்தத்தின் பெயர். அதாவது, நம் யாப்பிலக்கணத்தில் வெண்பா, ஆசிரியப்பா என்று சொல்கிறோமே, அந்த வரிசையில் வைக்க வேண்டிய பெயர் அது. வெண்பாவுக்கு யாரும் கோயில் கட்டவில்லை. காயத்ரிக்கு மட்டும் எப்படி முகம் முளைத்தது?

சந்தத்தின் கணக்கிலிருந்தே தொடங்கலாம். காயத்ரி என்றால் மூன்று அடி, அடிக்கு எட்டு எழுத்து, மொத்தம் 24. புள்ளி வைத்த ஒற்றெழுத்துகள் கணக்கில் வராது. இந்த மந்திரத்தை எண்ணிப் பாருங்கள், 23தான் வரும். 'தத் ஸவிதுர் வரேண்யம்' என்ற முதல் அடியில் ஏழே எழுத்து. 'வரேணியம்' என்று விரித்துச் சொன்னால் எட்டு ஆகிவிடும். ஜபத்துக்கு முந்திய அந்த அறிவிப்பில் 'நிச்ருத்' என்ற அடைமொழி வருவது இதற்காகத்தான். ஓர் எழுத்துக் குறைந்த காயத்ரி என்று அதற்கு அர்த்தம். உலகத்தில் அதிகமாக ஓதப்படும் காயத்ரிச் சந்தப் பாட்டு இலக்கணப்படி ஓர் எழுத்துக் குறை. மரபு அதை மறைக்கவில்லை. பெயரோடு சேர்த்தே சொல்லிவிடுகிறது.

சந்தங்களை உயிருள்ளவையாக நினைப்பது வேத காலத்திலேயே வந்துவிட்டது. ரிக்வேதச் சடங்குகளை விளக்கும் நூலான ஐதரேய பிராமணத்தில் அதற்கு ஓர் அருமையான கதை உண்டு. யாகத்துக்கு வேண்டிய சோமம் என்ற செடி அப்போது விண்ணுலகத்தில் இருந்தது. அதைக் கொண்டுவரத் தேவர்கள் சந்தங்களை அனுப்புகிறார்கள். சந்தங்கள் பறவையாக மாறிப் பறக்கின்றன. எல்லாச் சந்தத்துக்கும் அன்று நான்கே எழுத்து. முதலில் போன ஜகதி பாதி வழியில் களைத்து, மூன்று எழுத்தைத் தொலைத்துவிட்டு ஒற்றை எழுத்தோடு திரும்பியது. அடுத்துப் போன திருஷ்டுப் ஓர் எழுத்தை விட்டுவிட்டு வந்தது. மூன்றாவதாகக் காயத்ரி போனாள். காவலர்களை மிரட்டிச் சோமத்தைக் காலாலும் அலகாலும் கவ்விக்கொண்டாள். மற்ற இரண்டும் சிந்திவிட்டு வந்த நான்கு எழுத்தையும் பொறுக்கிக்கொண்டாள். கிருஷானு என்ற காவலன் விட்ட அம்பு அவளுடைய இடது காலில் ஒரு நகத்தைப் பெயர்த்தது. அந்த நகம்தான் முள்ளம்பன்றி ஆயிற்றாம்.

கணக்கு இங்கேதான் அழகாக உட்காருகிறது. தன் நான்கோடு கொண்டுவந்த நான்கும் சேர, காயத்ரிக்கு அடிக்கு எட்டு எழுத்து. மூன்றோடு நின்ற திருஷ்டுப் காயத்ரியின் எட்டை வாங்கிச் சேர்த்துக்கொண்டு பதினொன்று ஆகிறது. ஒன்றோடு நின்ற ஜகதி அந்தப் பதினொன்றைச் சேர்த்துப் பன்னிரண்டு ஆகிறது. இந்தச் சந்தங்களின் அடிகளுக்கு உண்மையிலேயே அந்த அளவுதான். யாப்பு வாய்பாட்டை மறக்காமல் இருக்க இதைவிட நல்ல கதையை யாரும் கட்டியிருக்க முடியாது. கையோடு ஒரு பெண்ணும் பிறந்துவிட்டாள். காவலை மீறி நுழைகிற, அடிபட்டாலும் வேலையை முடிக்கிற, மற்றவர்களுக்கும் பங்கு கொடுக்கிற பெண். பின்னால் வந்த ஐந்து முக அம்மனை விட இந்த நகம் பெயர்ந்த பறவைக்கே குணச்சித்திரம் அதிகம் என்பது என் எண்ணம்.

அப்புறம் உபநிடதங்கள் அவளை மேலே தூக்கின. சாந்தோக்யம் 'காயத்ரீ வா இதம் ஸர்வம்' என்கிறது, இருப்பதெல்லாம் காயத்ரியே. பாடுகிறாள், காக்கிறாள், அதனால் அந்தப் பெயர் என்று காரணமும் சொல்கிறது. பிருகதாரண்யகம் மண், இடைவெளி, விண் மூன்றும் அவளுடைய ஓர் அடி, மூன்று வேதங்கள் இன்னோர் அடி, மூச்சுகள் மூன்றாம் அடி என்று விரித்துக்கொண்டு போய், எல்லாவற்றுக்கும் மேலே நின்று ஒளிரும் நான்காம் அடி ஒன்று உண்டு என்கிறது. கீதையில் கண்ணன் 'சந்தங்களில் நான் காயத்ரி' என்று சொல்வதையும் இந்த வரிசையில் வைக்கலாம். அங்கேகூட அவள் சந்தம்தான்.

தெய்வமாக அவளை நேரில் கூப்பிடும் இடம் சந்தியாவந்தனம். 'ஆயாது வரதா தேவீ' என்று தொடங்கும் மந்திரம் வரம் தரும் தேவியை, சந்தங்களின் தாயை, வா என்று அழைக்கிறது. ஜபம் முடிந்ததும் 'உத்தமே சிகரே தேவி' என்று விடை கொடுக்கிறார்கள். மலை உச்சியில் இருப்பவளே, உன் விருப்பம்போல் சுகமாகப் போய் வா என்று அர்த்தம். இடைப்பட்ட நேரத்தில் எண்ணிக்கை விரலில்தான். மோதிர விரலின் நடுக் கணுவில் தொடங்கி, கீழிறங்கி, சுண்டு விரலில் ஏறி, விரல் நுனிகள் வழியாக ஆள்காட்டி விரலுக்குப் போய், அதன் அடிக்கணுவில் முடித்தால் பத்து. கையை மேல்துண்டால் மூடிக்கொள்ள வேண்டும். எண்ணுவதை யாரும் பார்க்கக் கூடாது. ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள் காயத்ரி ஜபத்தன்று 1008 எண்ணுகிறவர்களுக்கு இந்த விரல் பாதை தூக்கத்திலும் மறக்காது.

இந்தச் சடங்கில் தேவி ஒரே உருவமாக இருப்பதில்லை. காலையில் காயத்ரி, நண்பகலில் ஸாவித்ரி, மாலையில் ஸரஸ்வதி. நிறமும் வாகனமும் மரபுக்கு மரபு கொஞ்சம் மாறும். பரவலான ஒரு வழக்கில், காலையில் அவள் சிவந்த நிறச் சிறுமி, அன்னத்தின் மேல் வருவாள். உச்சிவேளையில் வெண்ணிற இளம்பெண், காளை மேல். மாலையில் கருத்த மூதாட்டி, கருடன் மேல். சூரியன் வயதாவது மாதிரி அவளும் ஒரே பகலில் வயதாகிறாள். ஸவிதா என்ற ஆண் தெய்வத்தை நோக்கிச் சொன்ன மந்திரம், சூரியனின் நடையை ஒரு பெண்ணின் வாழ்க்கையாகப் பார்க்கிற இடத்துக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. இவளை வரைய வேண்டுமென்றால் மூன்று படம் வேண்டும்.

புராணங்களுக்கு இது போதவில்லை, குடும்பக் கதையும் வேண்டியிருந்தது. பத்ம புராணத்தில் பிரம்மா புஷ்கரத்தில் யாகம் செய்கிறார். மனைவி ஸாவித்ரி வர நேரமாகிறது. முகூர்த்தம் தவறிவிடும் என்று இந்திரன் ஓடிப்போய் ஓர் ஆயர்குலப் பெண்ணை அழைத்துவருகிறான். அவளே காயத்ரி. யாகத்தில் பிரம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். பிறகு வந்து பார்த்த ஸாவித்ரிக்குக் கோபம் தலைக்கேறி, இருந்த தேவர் எல்லாருக்கும் சாபம். பிரம்மாவுக்குக் கோயில்கள் அரிது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. சாபங்களின் கடுமையைக் குறைத்து வரமாக்கியவள் புதிதாக வந்த காயத்ரி. இன்றும் ராஜஸ்தானின் புஷ்கரத்தில் பிரம்மா கோயிலில் அவர் பக்கத்தில் இருப்பவள் காயத்ரி. ஸாவித்ரி ஊரைப் பார்த்தபடி மலை மேல் தனிக்கோயிலில் இருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், ஸாவித்ரியும் காயத்ரியும் ஒரே மந்திரத்தின் இரண்டு பெயர்கள். தெய்வத்தை வைத்துச் சொன்னால் ஸாவித்ரி, சந்தத்தை வைத்துச் சொன்னால் காயத்ரி. அதையே சக்களத்திச் சண்டையாக்கிவிட்டது புராணம்.

சரி, ஐந்து முகம்? அது ஒரு தியான சுலோகத்தில் இருக்கிறது. 'முக்தா வித்ரும ஹேம நீல தவள' என்று தொடங்கும் அது, முத்து, பவளம், பொன், நீலம், வெண்மை என ஐந்து நிறத்தில் ஐந்து முகம், முகத்துக்கு மூன்று கண், மகுடத்தில் பிறைநிலா என்று வர்ணித்துக்கொண்டு போகிறது. கைகளில் வரதம், அபயம், அங்குசம், சவுக்கு, வெண்கபாலம், கதை, சங்கு, சக்கரம், இரண்டு தாமரை. கூர்ந்து பார்த்தால் இது ஒரு கூட்டு உருவம். ஐந்து முகமும் மூன்று கண்ணும் பிறையும் கபாலமும் சதாசிவனை நினைவூட்டும். சங்கு, சக்கரம், கதை திருமாலுடையவை. படத்தில் பக்கத்தில் நிற்கும் அன்னம் பிரம்மாவுடையது. எல்லா வேதத்துக்கும் தாய் என்றான பிறகு எல்லாத் தெய்வத்தின் அடையாளமும் அவள் கைக்கு வந்துவிட்டது.

தேவி பாகவதத்தின் 12ஆம் ஸ்கந்தம் இன்னும் ஒரு படி போகிறது. மந்திரத்தின் 24 எழுத்துக்கும் தனித்தனியே ரிஷி, தேவதை, சக்தி, நிறம். ஓர் எழுத்து செண்பகப் பூ நிறம், ஒன்று பவள நிறம், ஒன்று ஸ்படிகம். ஜபத்துக்கு முன் கையால் பிடிக்க 24 முத்திரைகள் வேறு. ஸுமுகம், ஸம்புடம், விததம், விஸ்திருதம் என்று போகும் அந்த வரிசையை வேகமாகச் செய்கிற பெரியவர்களின் விரல்களைப் பார்த்தால் அபிநயம் போலவே இருக்கும். ஒலியை நிறமாகவும் விரல் அசைவாகவும் மாற்றும் வேலையைச் சித்திரக்காரர்கள் வருவதற்கு முன்பே சடங்கு செய்து முடித்திருந்தது.

இத்தனை வர்ணனை இருந்தும் நம் பழைய கோயில்களின் தேவகோஷ்டங்களில், அதாவது கருவறைச் சுவரின் வெளிப்புற மாடங்களில், துர்க்கைக்கும் தட்சிணாமூர்த்திக்கும் இருப்பதுபோல் காயத்ரிக்கு நிலையான இடம் கிடையாது. எனக்குத் தோன்றும் காரணம் இது. அவள் கோயில் தெய்வமே அல்ல. ஒரு மந்திரத்தின் தெய்வம். அந்த மந்திரமோ மூடி வைக்கப்பட்டது. உபநயனத்தில் பிரம்மோபதேசம் நடக்கும்போது அப்பா, அம்மா, பையன் மூவரையும் ஒரு பட்டுத் துணியால் மூடுவார்கள். அதற்குள்ளே அப்பா பையன் காதில் மந்திரத்தை ஓதுவார். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கக் கூடாது. சாத்திரப்படி பூணூல் போடும் உரிமை மூன்று வருணத்து ஆண்களுக்கு மட்டும்தான். பெண்ணுக்குக் காயத்ரி என்று பெயர் வைப்பார்கள், மந்திரத்தை மட்டும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். இதில் யாருக்கும் முரண் தெரியாமல் பல தலைமுறை ஓடியிருக்கிறது.

அந்தத் துணியை விலக்கிய முக்கியமான கைகளில் ஒன்று அச்சு இயந்திரம். ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் வண்ண லித்தோ (கல் அச்சு) அச்சகத்தைத் தொடங்கினார். 1899இல் அது லோனாவ்லாவுக்குப் பக்கத்தில் மலவ்லிக்குப் போனது. பிறகு அவருடைய ஜெர்மன் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஹர் அதை வாங்கிக்கொண்டார். 1906இல் ரவி வர்மா மறைந்த பிறகும் அவர் பெயரிலேயே படங்கள் வந்துகொண்டிருந்தன. நாம் அறிந்த காயத்ரி, அந்த அச்சகத்தின் பெயரோடு பரவிய படம். இந்த அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாளை ஒரு கல்லில் ஒற்றி, காய்ந்ததும் அடுத்த கல்லில் இம்மி பிசகாமல் பொருத்தி ஒற்ற வேண்டும். ஐந்து முகமும் ஐந்து நிறமாக இருக்க வேண்டிய தேவிக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் கிடையாது.

அந்தப் படம் சுலோகத்தை வரிக்கு வரி பின்பற்றப் பார்க்கிறது. ஆனால் சுலோகம் சொல்லாத ஒன்றையும் சேர்க்கிறது. அது உடம்பின் கனம். முகங்கள் நிஜப் பெண் முகங்கள், புடவையில் நிஜ மடிப்பு, நகையில் நிஜ மினுக்கு. ஐரோப்பிய எண்ணெய்ச் சித்திர முறையில் கற்ற ஒளி நிழல் அது. பக்கவாட்டு முகங்கள் எப்படிக் கழுத்தில் சேருகின்றன என்ற சங்கடமான கேள்வியை மகுடத்தையும் கூந்தலையும் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். ஐந்தாவது முகத்தை எங்கே வைப்பது என்பது பின்னால் வந்த காலண்டர் ஓவியர்களுக்கும் தலைவலிதான். சிலர் ஐந்தையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள், சிலர் ஒன்றை மேலே ஏற்றுகிறார்கள். எப்படி இருந்தாலும், காலையில் சிறுமி, மாலையில் கிழவி என்ற மாற்றம் போய்விட்டது. அச்சுப் படத்தில் அவளுக்கு என்றைக்கும் ஒரே வயது. கிழவி காயத்ரியை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. அச்சு கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும் இதுதான்.

கொடுத்ததையும் குறைத்துச் சொல்லக் கூடாது. காதோடு காதாக ஓதிய மந்திரத்தின் தேவி, காசு கொடுத்தால் யார் வீட்டுச் சுவருக்கும் வந்தாள். கடைக்காரர் கோத்திரம் கேட்கவில்லை.

இதே காலத்தில் மந்திரம் வேறொரு வழியிலும் வெளியே வந்துகொண்டிருந்தது. வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். ராம்மோகன் ராய் வங்காளத்தில் உருவமற்ற வழிபாட்டுக்கு ஆதாரமாகக் காயத்ரியை எடுத்துக்கொண்டார். 1875இல் தயானந்த சரஸ்வதி தொடங்கிய ஆரிய சமாஜம், பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் மந்திரம் உரியது என்றது. இவர்களுக்கு மந்திரம் வேண்டும், அம்மன் வேண்டாம். ஒரு பக்கம் சீர்திருத்தக்காரர்கள் காயத்ரியிலிருந்து உருவத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அச்சகம் அவளுக்கு நகை பூட்டிக்கொண்டிருந்தது.

தமிழில் பாரதி. பாஞ்சாலி சபதத்தில் மாலைச் சூரியனை அர்ச்சுனன் பாஞ்சாலிக்குக் காட்டுகிறான். அந்த வர்ணனையின் முடிவில் 'செங்கதிர்த் தேவன் சிறந்த ஒளியினைத் தேர்கின்றோம் - அவன் எங்கள் அறிவினைத் தூண்டி நடத்துக' என்று வருகிறது. காயத்ரி மந்திரமேதான், எழுத்தெண்ணிச் சொல்ல வேண்டியதைத் தமிழ்ப் பாட்டின் ஓட்டத்தில் கொண்டுவந்துவிட்டார். சந்தம் மாறியதால் காயத்ரி போய்விட்டாள், ஸவிதா மட்டும் மிச்சம். அதுவும் ஒரு பெண்ணின் காதில் விழும்படியாக. பாரதி புதுச்சேரியில் இருந்தபோது கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு இந்த மந்திரத்தை உபதேசமும் செய்தார். கவிதையில் செய்ததைவிடப் பெரிய துணிச்சல் அது.

தமிழ்நாட்டில் காயத்ரி படத்தை அடிக்கடி பார்க்கும் இன்னோர் இடம் பொற்கொல்லர், சிற்பி, தச்சர் பட்டறைகள். விஸ்வகர்மா சமூகத்தார் காமாட்சியோடு காயத்ரியையும் தங்கள் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். பூணூல் தங்களுக்கும் உரியது என்பது அவர்களுடைய மரபு. அவர்களின் விஸ்வகர்மாவுக்கும் ஐந்து முகம் என்பதால் இரண்டு படமும் சுவரில் பொருத்தமாகவே இருக்கும். ஊருக்கெல்லாம் அம்மன் செய்து கொடுக்கிறவர்கள் தங்கள் பட்டறையில் அச்சுப் படத்துக்குப் பூ வைப்பதையும் கவனித்திருக்கிறேன்.

சந்தமும் சும்மா இருக்கவில்லை. 'வித்மஹே', 'தீமஹி', 'ப்ரசோதயாத்' என்ற மூன்று சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி, பிள்ளையாருக்கு ஒரு காயத்ரி, முருகனுக்கு ஒன்று, நவக்கிரகங்களுக்கு ஒன்பது என்று பெருகிவிட்டது. ருத்ர காயத்ரி போன்றவை யஜுர்வேதத்திலேயே உண்டு. கோயில் சுவர்ப் பலகைகளில் இன்று காண்பவற்றில் பல மிகப் பிந்தியவை. சனிக்கிழமை நவக்கிரகம் சுற்றுகிறவர்கள் காக்கை வாகனனுக்கான காயத்ரியைப் படித்துக்கொண்டே நடப்பார்கள். பட்டுத் துணிக்குள் இருந்தது பெயின்ட் எழுத்தில் சுவரேறிவிட்டது. மேலைநாட்டுக்கும் போயிருக்கிறது. 2004இல் தொடராக ஓடத் தொடங்கிய அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வின் தொடக்க இசையில் வருவது இந்த மந்திரம்தான். வேத ஸ்வரத்தில் அல்ல, வேறு மெட்டில்.

உருவமும் ரவி வர்மா அச்சகத்தோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீராம் சர்மா ஆச்சாரியா 1953இல் மதுராவில் காயத்ரி தபோபூமியையும், 1971இல் ஹரித்வாரில் சாந்திகுஞ்ச் ஆசிரமத்தையும் நிறுவினார். பெண்கள் புரோகிதம் செய்வதையும், யாரும் காயத்ரி ஜபிப்பதையும் நடைமுறையாக்கிய இயக்கம் அது. அவர்கள் பரப்பிய காயத்ரிக்கு ஒரு முகம், இரண்டு கை. ஒரு கையில் வேதப் புத்தகம், ஒரு கையில் கமண்டலம், அன்னத்தின் மேல் உட்கார்ந்திருப்பாள். கபாலம், சவுக்கு, சக்கரம் எதுவும் கிடையாது. வடநாட்டில் பல வீடுகளில் காயத்ரி என்றதும் மனதில் வருவது இந்த எளிய வடிவம். நம் பக்கத்துக் கடைகளில் ஐந்து முகமே அதிகம் விற்கிறது.